இரண்டு பெஞ்சும் ஒரு அம்மாவும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் ஆபீஸ் என்பது ஒரு முன்னறை, அதில் எதிரெதிராகப் போட்ட இரண்டு பெஞ்சு, நடுவில் என் நாற்காலி, அவ்வளவுதான். வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் எல்லா வழக்கும் எடுத்தேன். போகப் போக ஊர் எனக்கு ஒரே வேலையை ஒதுக்கிவிட்டது. புருஷன் பெண்டாட்டி பிரிகிறார்களா, கோர்ட்டுக்குப் போகுமுன் பேசி முடிக்க வேண்டுமா, சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற அந்தச் சிடுமூஞ்சி அம்மாவிடம் போ என்பார்கள். சிடுமூஞ்சி என்று சொல்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. நான் மறுத்ததில்லை.

என் ஆபீஸுக்கு ஒரு விதி உண்டு. பெண் வீட்டார் ஒரு பெஞ்சு, மாப்பிள்ளை வீட்டார் ஒரு பெஞ்சு. ஒவ்வொரு தரப்பும் கூட ஒரே ஒருவரைத்தான் அழைத்து வரலாம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்தவர்கள் பெஞ்சைத் தூக்கி அடிக்கப் போனதற்குப் பிறகு வைத்த விதி அது. அதே மாதிரி, ஆளே இல்லாமல் தனியாக வந்தாலும் பேச்சை ஆரம்பிக்க மாட்டேன். தனியாக வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மறுவாரம் வந்து எனக்குக் கேட்க நாதியில்லை என்று அழுவார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபேனுக்குக் கீழே இருக்கிற பெஞ்சில் எப்போதும் மாப்பிள்ளை வீட்டார்தான் போய் உட்காருவார்கள். யாரும் சொல்லித்தருவதில்லை, தானாகவே நடக்கும்.

ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே ரயிலை நிறுத்தி வைத்திருந்த காலம். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த எரிச்சல் எனக்கு மத்தியானம் வரை இறங்காது. அப்படி ஒரு காலையில் ஒரு பெண் வந்தாள். சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் கெமிஸ்ட் என்றாள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு கைவிரல்களிலும் ஏதோ மருந்துக் கறை. பெயரெல்லாம் இங்கே வேண்டாம். கெமிஸ்ட் என்றே சொல்கிறேன்.

"ஃபிரெண்டு ஒருத்தவங்களும் நானும் ஒரே வீட்ல இருக்கோம் மேடம். இப்ப தனித்தனியாப் போறோம். அது விஷயமா வந்தேன்."

"வீட்டுத் தகராறு நான் பாக்கறதில்லம்மா."

"வீடு இல்ல மேடம். அம்மா."

"யாரோட அம்மா?"

"அவுங்களோட அம்மா."

எத்தனை வருடமாகச் சேர்ந்து இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஜாஸ்தி வருஷம்" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். பிரிகிற தம்பதிகளின் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவள் நான். ஃபிரெண்டு வீடு மாறிப் போனால் யாருக்கும் அந்த முகம் வராது. எனக்குப் புரிந்ததை அவளும் புரிந்துகொண்டாள். "நீங்க எதுவும் கேக்காம இருந்தா நல்லாருக்கும் மேடம்" என்றாள். நான் கேட்கவில்லை. அவர்களைப் போன்றவர்கள்மேல் பாய்வதற்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவு இருந்த காலம் அது. அவள் தயங்கியதில் நியாயம் இருந்தது.

விஷயம் இதுதான். அந்த ஃபிரெண்டு ஒரு டீச்சர். இருவரும் காலேஜ் ஹாஸ்டலில் பழகியவர்கள். கெமிஸ்ட்டின் வீடு அண்ணாகிராமத்தில். முந்திரித் தோப்பு உள்ள குடும்பம். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவளைக் குடும்பம் தலைமுழுகிவிட்டது. டீச்சருக்கு அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை, அம்மா மட்டும். திருப்பாப்புலியூரில் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தெருவில் அக்கா தங்கச்சி என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தம்மாவும் டீச்சரைப் பெரியவ என்றும் கெமிஸ்ட்டைச் சின்னவ என்றும் கூப்பிட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு அந்தம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. டீச்சருக்கு மலம் மூத்திரம் பார்த்தால் குமட்டும். கெமிஸ்ட் கம்பெனியில் கெஞ்சி எல்லா வாரமும் செகண்ட் ஷிப்ட்டாக வாங்கிக்கொண்டு, காலையெல்லாம் வீட்டில் இருந்து எல்லாம் செய்தாள். குளிப்பாட்டுவது, தலை சீவுவது, ஊட்டுவது. இப்போது டீச்சருக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது, அதுவும் ஹெட்மிஸ்ட்ரஸ் பதவியோடு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறாள், கெமிஸ்ட்டை விட்டுவிட்டு.

"அவுங்க போறது பரவால்ல மேடம். அது முடிஞ்சு போச்சு. அம்மாவ என்கிட்ட விடச் சொல்லுங்க. இல்லன்னா பாக்கவாவது விடச் சொல்லுங்க."

சட்டப்படி அந்தம்மா உனக்கு யாரும் இல்லை என்று சொன்னேன். தெரியும் என்றாள். தெரிந்தேதான் வந்திருக்கிறாள்.

எதனால் முடிந்து போயிற்று என்பதையும் அவளே சொன்னாள். டீச்சருடைய ஸ்கூலில் ஒருவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு இருவரும் சேர்ந்து போயிருக்கிறார்கள். இவங்க யாரு என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். எங்க வீட்ல குடியிருக்கறவங்க என்று டீச்சர் சொல்லிவிட்டாள். தங்கச்சி என்றோ ஃபிரெண்டு என்றோ சொல்லியிருந்தால் வழக்கம்போலத் தொலையட்டும் என்று இருந்திருப்பேன் என்றாள் கெமிஸ்ட். அன்றைக்குச் சாப்பிடாமல் திரும்பியவள், அதற்குப் பிறகு டீச்சரோடு பேசவில்லை.

டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஸ்கூல் மத்தியான இடைவேளையில் வந்தாள். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கையில் குடை. உட்காரும்போதே கதவைப் பார்த்துக்கொண்டாள். ஸ்கூலில் தெரிந்தால் வேலை போய்விடும் என்றாள். பெற்ற தாயை யாரோ ஒருத்தியிடம் விட்டுவிட்டுப் போனால் ஊர் என்ன பேசும் என்றாள். இரண்டுமே உண்மைதான். ஆனால் அந்த "யாரோ ஒருத்தி" எனக்குப் பிடிக்கவில்லை.

"இன்னொண்ணு மேடம். எங்கம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஃபிரெண்டுன்னுதான் நெனச்சுகினு இருக்காங்க. அது அப்படியே இருக்கணும்."

சரி என்றேன். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரையும் வரச்சொன்னேன். கூட ஒரு ஆள், அதற்கு மேல் வேண்டாம் என்று என் விதியையும் சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை ஒரு ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வந்திருந்தார்கள். நடுவில் அந்தம்மா. வீட்டில் தனியாக விட முடியாது, பார்த்துக்கொள்ள வேறு ஆளும் கிடையாது. அதனால் கூட்டி வந்துவிட்டார்கள். பிரிவதற்கு ஒரே ஆட்டோவில் வந்தவர்களை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. கெமிஸ்ட் குனிந்து அந்தம்மாவின் கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் தூக்கி இறக்கினாள். டீச்சர் குடையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

உள்ளே வந்ததும் டீச்சர் ஃபேனுக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தம்மாவை அவள் பக்கத்தில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, கெமிஸ்ட் எதிர் பெஞ்சுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தாள்.

"உங்க தரப்பு ஆள் எங்க?" என்று கெமிஸ்ட்டைக் கேட்டேன்.

"யாரும் இல்ல மேடம்."

"யாரையாவது கூட்டியாரச் சொன்னேனே. கூட வேலை பாக்கறவங்க, யாராவது?"

"என்னான்னு சொல்லி மேடம் கூப்புடறது?"

விதி விதிதான், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அந்தம்மா நல்ல கையால் பெஞ்சைத் தட்டினார். பேச்சு குழறும், ஆனால் பொறுமையாகக் கேட்டால் புரியும்.

"என்னை அந்தாண்ட உக்கார வை."

"எதுக்கும்மா? இங்கதான் ஃபேன் இருக்கு" என்றாள் டீச்சர்.

"அவளுக்கு ஆளு நான்."

"அம்மா, நீ எனக்கு அம்மா."

"உனக்கு அம்மாதான். இல்லன்னு யாரு சொன்னா? உனக்கு ஊரே இருக்குது. அவளுக்கு யாரு வந்துருக்கா? வக்கீலம்மா ஆளு கேக்கறாங்கல்ல. தூக்குடி."

கெமிஸ்ட் அசையவில்லை. டீச்சரும் அசையவில்லை. கடைசியில் நான் எழுந்து ஒரு பக்கம் பிடிக்க, கெமிஸ்ட் வந்து மறுபக்கம் பிடிக்க, அந்தம்மா எதிர் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, பெற்ற மகளை நேராகப் பார்த்தார்.

"எங்க பொண்ணு உங்க வூட்ல என்னா கொற வெச்சா?"

அந்த அறையில் அந்த வாக்கியத்தை நான் கேட்காத வாரம் இல்லை. பெண்ணைப் பெற்ற அப்பாக்கள் கேட்பார்கள், தாய்மாமன்கள் கேட்பார்கள். ஒரு தாய் தன் சொந்த மகளைப் பார்த்து, வேறொருத்தியின் தரப்பில் உட்கார்ந்து கேட்டது அன்றைக்குத்தான்.

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மா... உனக்கு..."

"எல்லாந் தெரியும். எனக்குக் காலுதான் வராது. கண்ணு தெரியுதுல்ல?" என்றார் அந்தம்மா. "குடியிருக்கறவன்னு சொன்னியாமே. குடியிருக்கறவளா எனக்குப் பீ மூத்தரம் அள்ளுவா?"

டீச்சர் குடையைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். கெமிஸ்ட்டும் அழுதாள். டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று நான் வெளியே போய் வாசலில் நின்றுகொண்டேன். என் ஆபீஸில் அழுகை புதிதில்லை, என்னை அது ஒன்றும் செய்யாது. அன்றைக்கு மட்டும் டீ ஆறிப்போகும் வரை வெளியே நின்றேன்.

திரும்பி வந்தபோது அந்தம்மா பஞ்சாயத்தை முக்கால்வாசி முடித்து வைத்திருந்தார். அவர் பெரியவளோடு சிதம்பரத்துக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. கெமிஸ்ட் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியவளுக்கு ஒண்ணுந் தெரியாது வக்கீலம்மா. சோத்தப் போட்டு வெச்சா துன்னுவா, இல்லன்னா பட்டினி கெடப்பா. சின்னவ பொழச்சிக்குவா. அதான் பெரியவகூடப் போறேன். ஆனா ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம சின்னவ வரணும், எனக்குத் தல குளிப்பாட்டணும். யாராவது இது யாருன்னு கேட்டா எங்கம்மாவோட சின்னப் பொண்ணுன்னு பெரியவ சொல்லணும். குடியிருக்கறவ, தெரிஞ்சவ, அந்தப் பேச்செல்லாம் கூடாது."

டீச்சர் தலையாட்டினாள். அவளுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. கெமிஸ்ட் வருகிற நேரத்தில் தான் வீட்டில் இருக்க மாட்டேன் என்றாள். முகத்தைப் பார்த்தால் தாங்காது என்று சொன்னாளே தவிர, எதைத் தாங்காது என்று சொல்லவில்லை. நானும் துருவவில்லை.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு உடன்படிக்கை எழுதி இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்குவேன். இதில் எந்த உறவைப் போட்டு எழுதுவது? எழுதவில்லை. பேசியதோடு சரி. நாளைக்கே டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டால் கெமிஸ்ட் எந்த வாசலிலும் போய்க் கேட்க முடியாது. அது மூன்று பேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதே ஆட்டோவில் திரும்பிப் போனார்கள்.

மறுவருடம் டெல்லியில் ஒரு தீர்ப்பு வந்தது. அப்படி வாழ்வது குற்றமில்லை என்று சொன்னார்கள். பார் அசோசியேஷனில் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கிண்டல் அடித்தார்கள். நான் முழுவதும் படித்துப் பார்த்தேன். சேர்ந்து இருந்தால் ஜெயில் இல்லை என்பதுதான் அதில் இருந்தது. பிரிந்தால் யாருக்கு யார் மிச்சம் என்பது எந்தப் பேப்பரிலும் இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், யாருக்கும் காட்டவில்லை.

என் வீடு சிதம்பரத்தில் என்பதால் அவர்கள் கதை என் கண்ணில் படாமல் போக வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்கறி வாங்கப் போனால் கீழ வீதியில் டீச்சரைப் பார்ப்பேன். கையில் மடித்த பை இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. கோயில் வாசல் வரை மெதுவாக நடந்து, திரும்பி நடந்து, மறுபடியும் கோயில் வாசல். ஒரு தடவை நின்று பேசினாள். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டா வந்தாய் என்று கேட்டேன். "பத்து மணி பஸ்ல வந்துடுவா மேடம். கதவப் பூட்டாம சும்மா சாத்திட்டு வந்துடுவேன்" என்றாள். மத்தியானம் வீடு திரும்பினால் சீயக்காய் வாசனை மட்டும் இருக்குமாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படி ஓடியது. புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதே, அந்த வாரம்கூட ஓடியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து, ரோடெல்லாம் மரமாகக் கிடந்தது. பஸ் ஒழுங்காக ஓடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் டீச்சர் கீழ வீதியில் நடக்காமல், பஸ் ஸ்டாண்டு முனையில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து, தலையெல்லாம் மண்ணாகக் கெமிஸ்ட் வந்து இறங்கினாள். அவள் இறங்கியதைப் பார்த்ததும் டீச்சர் திரும்பிக் கோயில் பக்கம் நடந்துவிட்டாள்.

அந்தப் புயலுக்கப்புறம் வந்த மாசி மாதத்தில் அந்தம்மா இறந்துபோனார். காலையில் எனக்குக் கெமிஸ்ட்டிடமிருந்து போன் வந்தது.

"மேடம், அம்மாவுக்குக் கோடிப் புடவை எடுத்துகினு போவணும். கோடிய ஒருத்தியாக் கொண்டுபோனா நல்லாருக்காது. எனக்குன்னு ஒரு ஆள் வேணும். நீங்க வர்றீங்களா?"

கட்சிக்காரர்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் நான் போவதில்லை. அதையும் ஒரு விதியாக வைத்திருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் ஸ்டாண்டில் கெமிஸ்ட் ஒரு தட்டில் புதுப்புடவை, பூமாலை எல்லாம் வைத்துக்கொண்டு நின்றாள். அரக்கு நிறப் புடவை. அந்தம்மா கேட்டுக்கொண்டே இருந்த நிறமாம். இரண்டு பேரும் நடந்து போனோம். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. ஸ்கூலிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். டீச்சர்கள் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் அம்மாவின் தலைமாட்டில் இருந்தாள். எங்களைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

எடுக்கும் நேரம் வந்தது. காரியம் செய்ய வந்த பெரியவர் ஒவ்வொரு கோடியாக வாங்கி, யார் கோடி என்று சத்தமாகச் சொல்லிப் போர்த்திக்கொண்டிருந்தார். பிறந்த வீட்டுக் கோடி, பங்காளி கோடி, என்று முறையாகப் போயிற்று. கெமிஸ்ட் தட்டை நீட்டினாள். நான் பின்னாலிருந்து தட்டின் அடியைப் பிடித்துக்கொண்டேன்.

"இது எந்த வழி?" என்றார் பெரியவர். கெமிஸ்ட் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். அவர் டீச்சரைப் பார்த்தார். "பொண்ணு கோடியாம்மா? சின்னப் பொண்ணா?"

ஆமாம் என்றால் போதும். செத்துப் போனவளே சொல்லி வைத்த வார்த்தைதான் அது. ஊரும் ஏற்றுக்கொள்ளும், பேச்சும் காப்பாற்றப்படும். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"இல்ல" என்றாள் டீச்சர். "மருமவ வூட்டுக் கோடி."

பெரியவர் புரியாமல் நின்றார். "மருமவளா? இந்த வூட்ல ஆம்பளப் புள்ள ஏதும்மா?"

"இந்த வூட்டுக்கு நான் ஒருத்திதான் புள்ள. மருமவ வூட்டுக் கோடின்னு சொல்லிப் போடுங்க."

பிளாஸ்டிக் நாற்காலிகள் பக்கம் யாரோ இருமினார்கள். பெரியவர் டீச்சரைப் பார்த்தார், கெமிஸ்ட்டைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் மருமகளின் பிறந்த வீட்டுச் சார்பில் நிற்கிறவள் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. முதுகை நிமிர்த்தி நின்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மருமவ வூட்டுக் கோடீ" என்று நீட்டிச் சொல்லி அரக்குப் புடவையை விரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவும் முயற்சி செய்யவில்லை.

அதற்காக அவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எடுத்துக்கொண்டு போனதும் நாங்கள் கிளம்பினோம். சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. கெமிஸ்ட் சொல்லாமல் படியிறங்கினாள். டீச்சர் வாசல் கழுவக் குடத்தைத் தூக்கியவள், அப்படியே நின்று பார்த்தாள். தெருமுனையில் கெமிஸ்ட் என் கையை ஒரு தரம் பிடித்துவிட்டு, கடலூர் பஸ் பிடிக்கப் போனாள். ஸ்கூலில் டீச்சரை யார் என்ன கேட்டார்கள், கேட்கவில்லையா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஹெட்மிஸ்ட்ரஸாகத்தான் தொடர்ந்து இருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு கீழ வீதியில் வந்தேன். எதிரே டீச்சர். கையில் அதே மடித்த பை. பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் என்னைப் பார்த்து நின்றாள். கேட்க ஒன்றுமில்லாமல், "கையில சாவியக் காணுமே, வீட்டப் பூட்டினியா?" என்று கேட்டுவைத்தேன்.

டீச்சர் கோயில் வாசல் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தாகப் போகிறது.

"இல்ல மேடம். சும்மாதான் சாத்திட்டு வந்துருக்கேன்."